பூசி மறைத்த கோடு

என் கணவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தார். மேல்தட்டிலிருந்து பெயிண்ட் டின் எடுக்க ஏணியில் ஏறியவர் டின்னோடு கீழே விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். உள்ளே கம்பி வைத்தார்கள். இனி கொஞ்ச காலத்துக்கு மாடிப்படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாங்கள் அப்போது குடியிருந்தது ஒரு லாட்ஜுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில். அதனால்தான் தரைத்தளத்தில் வீடு தேடி ஆற்றங்கரைச் சந்து வரைக்கும் போனேன்.

வீடு பார்த்ததுமே பிடித்துவிட்டது. நல்ல காற்று. தையல் மெஷினைப் போட ஜன்னலோரம் இடம் இருந்தது. வீட்டுக்காரம்மா மாடியில் தனியாக இருந்தார். நாலு தலைமுறைக்கு முன்னால் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இந்த மலையாள ஊரிலேயே வேரூன்றிவிட்ட குடும்பம். பேச்சில் பாதி மலையாளம். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதுதான் கவனித்தேன். வீட்டு முன்சுவரில், என் மூக்கு உயரத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட். மற்ற சுவரெல்லாம் வெயிலில் வெளுத்துப்போன மஞ்சள். அந்தப் பட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

"இது என்னக்கா, இங்க மட்டும்?"

"ஈர்ப்பமாக்கும். ஆறு பக்கத்துல இருக்கே, சுவரு ஈரம் பிடிக்கும். அதான் ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சது" என்றார் அவர், என்னைப் பார்க்காமல்.

ஈரம் தரையிலிருந்து மேலே ஏறும். மூக்கு உயரத்தில் பட்டை போட்டுக்கொண்டு நிற்காது. அப்போதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் கணவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. குடிபோய்விட்டோம்.

மறுநாள் காலையில் பால் வாங்கப் போகும்போது எதிர்வீட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே உயரத்தில் ஒரு பட்டை, பச்சை நிறத்தில். அடுத்த வீட்டில் அந்த இடத்தில் பூந்தொட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். மூலை வீட்டில் ஒரு டியூஷன் சென்டரின் பழைய ஃப்ளெக்ஸைக் கட்டி மறைத்திருந்தார்கள். சந்து முழுக்க, ஒரே உயரத்தில், எல்லோரும் எதையோ மூடி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. போலீஸ் குறித்துவைத்த வீடுகளோ, கோர்ட்டில் வழக்கு நடக்கிற நிலமோ என்றெல்லாம் நினைத்தேன். கணவரிடம் சொன்னேன். அவர் கால் நீட்டிப் படுத்திருந்தபடி, "ஒனக்கு எதப் பாத்தாலும் சந்தேகம். ரோட்டை அகலப்படுத்தப் போறானுவளா இருக்கும், அதுக்கு அளந்திருப்பானுவ" என்றார்.

"ரோட்டுக்கு அளந்தா தரையில கல்லு நடுவாங்க. சுவத்துல எதுக்குங்க?"

அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார். பிறகு நானும் கேட்கவில்லை. ஆனால் துணிக்கொடி கட்ட முன்சுவரில் ஆணி அடித்த அன்று, சுத்தியல் சத்தம் கேட்டு அக்கா பாதிப் படி இறங்கி வந்து நின்றார். நான் எந்த இடத்தில் அடிக்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பிப் போனார்.

சில வாரம் கழித்து அரசாங்க ஜீப்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஓவர்சியர், இன்னொருவர் இளவயது எஞ்சினியர், பெண். நான் உள்ளே ஒரு பிளவுஸுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"இவிட ஒரு அடையாளம் உண்டாயிருந்ததே, ஆரு மாய்ச்சது?" என்று ஓவர்சியர் மேலே பார்த்துக் கேட்டார்.

"ஓணத்துக்கு வெள்ளை அடிச்சோம் சாரே. அதுல போயிருக்கும்" என்றார் அக்கா மாடியிலிருந்து.

"சந்து முழுக்க ஒரே நாள்லயா?" என்று அந்தப் பெண் கேட்டார். அக்கா உள்ளே போய்விட்டார்.

அவர்கள் கிளம்பியதும் மெஷினை அப்படியே விட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். சந்து முனையில் பிடித்தேன். நான் தமிழில் கேட்டதும் அந்த எஞ்சினியர் கொஞ்சம் தமிழ் கலந்து சொன்னார். மலையில் இருக்கிற அணைக்கு எப்போதாவது ஆபத்து வந்தால், அல்லது பெருமழையில் எல்லா ஷட்டரையும் ஒன்றாகத் திறக்க வேண்டி வந்தால், தண்ணீர் இந்தச் சந்தில் எவ்வளவு உயரம் வரும் என்று கணக்கிட்டுக் கோடு போட்டிருக்கிறார்கள். சைரன் வைக்கப் போகிறார்கள். சைரன் கேட்டால் எல்லோரும் மேட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

"அணையில ஏதாவது கோளாறா மேடம்?"

"இல்ல. அணை நல்லா இருக்கு. நல்லா இருக்கும்போதுதான் இதெல்லாம் செய்யணும்."

நான் நம்பவில்லை. நன்றாக இருக்கிற ஒன்றுக்கு அரசாங்கம் பெயிண்ட் செலவு செய்து நான் பார்த்ததில்லை. அதோடு நான் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். இரண்டு மாநிலத்துக்கும் நடுவே பல வருஷமாக வழக்கு நடக்கிற வேறொரு பழைய அணையைப் பற்றி எங்கள் ஊரில் மலை மாதிரி நிற்கிறது என்பார்கள். இங்கே பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் அதையே இன்றைக்கோ நாளைக்கோ உடையும் என்பார். இரண்டு பேச்சையும் கேட்டுப் பழகிய எனக்கு, அணை என்று யார் வாயைத் திறந்தாலும் அவருக்கு இதில் என்ன லாபம் என்றுதான் முதலில் தோன்றும்.

நேரே மாடிக்குப் போனேன். அக்கா முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"கோட்டை மறைச்சுட்டு ஈரம்னு சொன்னீங்களே அக்கா. நடக்க முடியாத மனுஷனைக் கீழே படுக்க வச்சிருக்கேன்."

"அந்தக் கோடு போட்ட மாசமே ரெண்டு வாடகைக் குடி ஒழிஞ்சு போச்சு. மூலை வீட்டை வாங்க வந்தவன் கோட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போனான். எல்லாரும் கூடிப் பேசித்தான் மாய்ச்சது. நான் மட்டும் இல்ல, கேட்டியா."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

முறத்தைக் கீழே வைத்தார். "உன்னைக் காப்பாத்தவா கோடு போட்டானுவ? இந்தக் கரையில பார்க்கு கட்டணும், நடைபாதை கட்டணும்னு எத்தனை வருஷமா சொல்றானுவ. முதல்ல கோடு வரும். இது குடியிருக்க லாயக்கில்லாத இடம்னு ஆகும். பின்ன நோட்டீஸ் வரும். நீ பேசாம வாடகை வீடு பார்த்துட்டுப் போயிடுவே. நான் எங்க போவேன்?"

சண்டை போடத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் சொன்னதும் நடக்கக்கூடிய காரியமாகவே எனக்குப் பட்டது. இறங்கி வந்துவிட்டேன்.

அணையை என் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன். அங்கே சுவரில் சாரம் கட்டி, சில பேர் கயிற்றில் தொங்கியபடி சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை என்று காவலாளியிடம் கேட்டேன். "மெயின்டனன்ஸ். எப்பவும் உள்ளது" என்றார். நான் போனைக் கையில் எடுத்ததும், "போட்டோ எடுக்கக்கூடாது" என்றார். எப்போதும் நடக்கிற வேலையைப் படம் எடுத்தால் என்ன என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன். போவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகப் பயத்தோடு வீடு வந்தேன்.

பிறகு ஒரு நாள் மைக் கட்டிய ஜீப் வந்தது. நாளைக் காலை சைரன் ஒலிக்கும், அது ஒத்திகை மட்டுமே, யாரும் பயப்பட வேண்டாம், எல்லோரும் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஒத்துழைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். அன்று சாயங்காலமே சந்தில் ரகசியமாகப் பேச்சு பரவியது. ஒருவரும் போகக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். போனால் இந்த இடம் ஆபத்தானது என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. அக்கா ஜன்னலில் நின்று எனக்கும் சொன்னார்.

நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

காலையில் சைரன் ஊளையிட்டபோது, கணவரை வாக்கரில் நிறுத்தினேன்.

"எங்க போறோம்? பொய்ச் சைரனுக்கு நான் எதுக்குளா நடக்கணும்?"

"நிஜமா அடிக்கும்போது ஒங்களால போக முடியுமான்னு எனக்குத் தெரியணும்."

சந்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. ஜன்னல் திரைகள் மட்டும் அசைந்தன. அவர் ஒவ்வொரு அடியாக வாக்கரைத் தூக்கி வைத்து நடந்தார். வாக்கர் தரையில் இடிக்கிற சத்தம்தான் சந்தில் கேட்டது. ஏற்றத்தில் மூச்சு வாங்கி மூன்று இடத்தில் நின்றார். அந்த எஞ்சினியர் எதிரே இறங்கி வந்து எங்களோடு கூடவே நடந்தார்.

மேலே போனால் பள்ளிக்கூடத்தின் பின் கேட் பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். என் கணவர் பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய, "தண்ணி வந்தா டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் நிக்கச் சொல்லுவீங்களோ?" என்று கேட்டார். எஞ்சினியரின் முகம் சிவந்துபோனது. ஆளை அனுப்பிச் சாவி வரவழைத்தார்கள். அதற்குள் யாரோ எங்களைப் போட்டோ எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. மக்கள் உற்சாகமாகப் பங்கேற்றதாக அடியில் போட்டிருந்தார்கள். படத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம். பூட்டிய கேட் படத்தில் இல்லை. எங்களை வைத்து அவர்கள் தங்கள் வேலையை முடித்துக்கொண்டார்கள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அக்கா பேப்பரோடு கீழே இறங்கி வந்தார்.

"என் வீட்டை ஊருக்கெல்லாம் காட்டிக் கொடுத்தாச்சு அல்லே? மழைக்காலம் கழிஞ்சா வேற வீடு பாத்துக்கோ."

மழைக்காலம் கழிவதற்குள் பெருமழை வந்தது. நாலைந்து நாள் விடாமல் பெய்தது. டிவியில் அணை நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை என்று சொல்லும்போதெல்லாம் நான் வாசலுக்குப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போது சைரன் அடித்தது. இந்தத் தடவை ஜீப் வரவில்லை, முன்னறிவிப்பும் இல்லை.

இவரைக் கிளப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஆறு கலங்கி, சந்தின் கீழ்முனையைத் தொட்டுவிட்டிருந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அன்றைக்குத் திரைக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் கையில் பையோடு வெளியே வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து என் கணவரின் இன்னொரு தோளைப் பிடித்துக்கொண்டார். மாடியைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"நான் மாடியிலதானே இருக்கேன். எனக்கென்ன?"

"கரண்டு போயிடும், தண்ணி சுத்திக்கும். வாங்கக்கா."

நிலைப்படியில் நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.

மேலே கேட்டில் பூட்டு இல்லை. கொண்டியையே அறுத்து எடுத்திருந்தார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு வைத்திருந்தார்கள். என் கணவரும் அக்காவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த பால் சேர்க்காத கட்டன் சாயாவைக் குடித்துக்கொண்டே வாதாடினார்கள். மழையால் ஷட்டரைத் திறந்தார்களா, அணைமேல் நம்பிக்கை இல்லாமல் திறந்தார்களா என்று. "முந்தியே கொஞ்சம் கொஞ்சமா விட்டிருந்தா இப்படி ஒண்ணா வருமா?" என்றார் அக்கா. "அதத்தான் நானும் சொல்லுதேன்" என்றார் இவர். அவர்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் முழங்கால் உயரம் வந்து மறுநாள் வடிந்தது. தையல் மெஷின் மோட்டார் போய்விட்டது. துணியெல்லாம் சேறு. சந்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அக்கா பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. நாங்களாகத்தான் போனோம். இவருக்குக் கால் தேறி, படி ஏறலாம் என்று டாக்டர் சொன்னதும் மேட்டுப் பகுதியில் ஒரு மாடி வீடு கிடைத்தது. அணை நன்றாக இருந்ததா, அன்று திறந்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறது என்ற ஒரே பதில்தான்.

போன மழையில் அக்கா போன் பண்ணினார்.

"ஷட்டர் கொஞ்சம்தான் உயர்த்தியிருக்குன்னு சொல்றானுவ. நீ விசுவசிக்கிறியா?"

"இல்லக்கா."

"நானும் இல்ல" என்றார். பின்னால் கூட்டமும் இரைச்சலுமாகக் கேட்டது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல. சைரன் அடிச்சதும் வந்தாச்சு. இவிட சாயாவுல மதுரமே இல்ல, கேட்டியா" என்றார்.