பிளாஸ்டிக் குழாயில் கட்டிய எர்த் ஒயர்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில், ஒயர் இல்லாத மூன்று பின் பிளக் ஒன்று கிடக்கிறது. கறுப்பு, சின்னது. ஈரத்துணியோடு ஃபிரிட்ஜைத் துடைக்க வரும்போதெல்லாம் மாமியார், "இதைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?" என்பார். என் கணவரின் தங்கை, அதாவது என் நாத்தனார், இதை என் கண் முன்னாலேயே ஒயரிலிருந்து நறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. வெட்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குரும்பலூரில் எங்கள் வீட்டுப் பின்னறையில் மிளகாய், கத்திரி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து விற்கிறேன். ஐப்பசி மூட்டம் போட்டுவிட்டால் நாற்று வெளிச்சம் தேடி நூல் நூலாக நீண்டு, தலை தூக்க முடியாமல் சாய்ந்துவிடும். ஒரு வருடம் அப்படிப் பாதி நாற்று போனதும், அடுத்த வருடம் பிடிவாதமாக ஆயிரம் வாட் செடி விளக்கு ஒன்றை வரவழைத்தேன். தகர உடம்பு, நல்ல கனம். தட்டு அடுக்கும் இரும்பு ராக்கிலேயே சங்கிலி போட்டுத் தொங்கவிட்டு, கையில் கிடைத்த பிளக்கை மாட்டி, டிவிக்கு வைத்திருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினேன். எரிந்தது பாருங்கள், அறையே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது! எரிகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

நாத்தனார் ஐ.டி.ஐ. படித்தவள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் பிரிந்து வந்து, வேலைக்குப் பக்கத்திலேயே தனி வீடு எடுத்திருந்தாள். வார லீவுக்கு வந்தவள் விளக்கைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்கவில்லை. "எர்த் எங்கேர்ந்து வருது அண்ணி?" என்றாள். "மூணு பின்னு இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றேன். குண்டு பல்பில் இரண்டு ஒயர் கோத்த டெஸ்ட் லாம்ப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டில் கரண்ட் ஓட்டையிலும் நியூட்ரலிலும் வைத்தாள், எரிந்தது. நியூட்ரலில் இருந்ததை எர்த் ஓட்டைக்கு மாற்றினாள், மினுக்கென்றுகூட வரவில்லை. "பின்னு இருக்கு அண்ணி. அதுக்கு அந்தப் பக்கம்தான் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, எர்த் ஒயர் போகும் வழியைப் பிடித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போனாள்.

நானும் பின்னாலேயே போனேன். அந்தக் காலத்தில் வீட்டு எர்த் ஒயரைக் குளியலறைக்குப் பின்னால் மண்ணுக்குள் இறங்கும் இரும்புத் தண்ணிக் குழாயில் சுற்றியிருந்தார்கள். அதுவே அரைகுறை வேலைதானாம். இரண்டு வருடம் முன்பு குளியலறையை இடித்துக் கட்டியபோது இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். ஒயர் அந்தரத்தில் தொங்கியது. துணி காயப்போடும்போது முகத்தில் இடித்தது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று நான்தான் அதைப் பிளாஸ்டிக் குழாயில் நாலு சுற்றுச் சுற்றி, பூக்கட்டும் நூலால் இறுக்கி முடிந்து வைத்தேன். ஃபிரிட்ஜ், மிக்சி, வாஷிங் மெஷின் எல்லாமே இரண்டு வருடம் அந்த லட்சணத்தில்தான் ஓடின. நாத்தனார் குத்துக்காலிட்டு அந்த முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதை யாரு அண்ணி கட்டினா?" என்றாள். "கொத்தனாரா இருக்கும்" என்றேன். வாய் கூசவே இல்லை.

அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். விளக்குக்குள் ஒரு ஒயர் நைந்தாலோ தண்ணி இறங்கினாலோ தகர உடம்பில் கரண்ட் வந்துவிடும், சங்கிலி வழியாக ராக்குக்கும் வந்துவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் யாராவது தொடும்வரைக்கும் அங்கேயே நிற்கும் என்றாள். "அந்தக் கை அம்மா கையாத்தான் இருக்கும் அண்ணி. வெறுங்காலோட, ஈரக் கையோட, நாத்துக்குத் தண்ணி பீச்சிக்கிட்டே இருக்கும். சொன்னா கேக்குற ஆளா அது? அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் சரி பண்ணித் தரேன். அதுவரைக்கும் எரிக்காதீங்க." நாற்று கேட்டவர்களுக்கெல்லாம் நாள் சொல்லியிருந்தேன் நான். "நீ அந்தப் பக்கம் போனதும் போடத்தான் போறேன்" என்று வீம்பாகச் சொன்னேன். அப்போதுதான் விளக்கின் பிளக்கைப் பிடுங்கி, கட்டிங் பிளேயரை எடுத்து நறுக்கினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், "இந்த அதிகாரத்தையெல்லாம் கட்டிக்கிட்டுப் போன வூட்டுல காட்டியிருந்தா அங்கயே பொழைச்சிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுண்டிப்போனது. போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் போனாள்.

பெரம்பலூருக்குப் போய் வேறு பிளக் வாங்க எனக்குத் தெரியாதா? வாங்கியும் வந்தேன். மாட்டலாம் என்று பின்னறைக்குப் போனால், மாமியார் கால் நனைய நின்றுகொண்டு ராக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். கை வரவில்லை. அந்த வாரம் பாதித் தட்டு சாய்ந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவளைத் திட்டினேன். சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணனை வைத்து ஆழமாகக் குழி வெட்டி, பைப்பை நிறுத்தி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினாள். அந்த எர்த்தை வீட்டுக்கும் இழுத்து, விளக்குக்கென்று போர்டிலிருந்து தடித்த ஒயரில் தனி லைன் கொண்டுவந்து, தண்ணி படாத உயரத்தில் பெரிய பிளக் பாயின்ட் வைத்தாள். ராக்குக்கும் எர்த் கொடுத்தாள். துளி கரண்ட் கசிந்தாலும் பட்டென்று அணைந்துவிடும் டிரிப் சுவிட்ச் ஒன்றையும் அந்த லைனில் மாட்டினாள். சுவரில் இருந்த பழைய பிளக் பாயின்ட்டில் டெஸ்ட் லாம்ப் இந்தத் தடவை பளிச்சென்று எரிந்தது. கிளம்பும்போது சுவரைப் பார்த்து, "வெயில் காலத்துல குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும்" என்றாள்.

அடுத்த வருடம் கார்த்திகையில், ஒரு காலை நேரம். மாமியார் ஒரு கையால் ராக்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மேல் தட்டுக்குத் தண்ணி பீச்சிக்கொண்டிருந்தார். டக்கென்று விளக்கு அணைந்தது. "கரண்டு போச்சுடி" என்றார், கையை ராக்கிலிருந்து எடுக்காமலே. பக்கத்து அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டிரிப் சுவிட்சைத் தூக்கிவிட்டேன், நிற்கவில்லை, விழுந்தது. விளக்கின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூக்கினேன், நின்றது. விளக்குக்குள் தண்ணி இறங்கியிருந்தது.

நாத்தனாருக்கு நானே போன் போட்டேன், ஒரு வருடத்தில் முதல் தடவையாக. "அம்மா எங்க நின்னுச்சு?" என்றுதான் கேட்டாள். "ராக்கைப் பிடிச்சுக்கிட்டு" என்றேன். அதோடு இன்னொன்றையும் சொன்னேன். "அந்த ஒயரைப் பிளாஸ்டிக் குழாயில கட்டினது நான்தான். கொத்தனார் இல்ல" என்றேன்.

"தெரியும் அண்ணி. கொத்தனாரு பூக்கட்டுற முடிச்சா போடுவாரு?"

"அப்புறம் ஏன் அன்னிக்கே கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

கட்டிக்கிட்டுப் போன வீட்டைச் சொல்லிக்காட்டிய வார்த்தைக்கும் மன்னிப்புக் கேட்டேன். குழிக்குத் தண்ணி ஊத்துறீங்களா என்று மட்டும் கேட்டாள். அடுத்த தடவை வந்தபோது, அந்தக் கறுப்புப் பிளக்கைக் கைப்பையிலிருந்து எடுத்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். "இந்தாங்க, உங்க வூட்டு சாமான்" என்றாள். சிரித்தாளா இல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இன்று காலையும் மாமியார் ஈரத்துணியோடு வந்து, "இதைத் தூக்கிப் போட்டாத்தான் என்ன?" என்றார். கேட்கட்டும். இன்னும் ரொம்ப வருஷம் அவர் இப்படியே கேட்டுக்கொண்டிருக்கட்டும்.