சாயம் போகாத கூனி

நாட்டில் சண்டை முடிந்து இரண்டொரு வருடம் இருக்கும். சிலாபத்தில் ஆறு மாதம் இணையத்தளம் வடிவமைக்கப் படித்துவிட்டு கடலோரத்து எங்கள் ஊர் உடப்புக்குத் திரும்பியிருந்தேன். நிலத்தில் கால் பாவாத காலம் அது. ஊரில் யாருக்குமே அந்த வேலை தேவைப்படவில்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு நாலு வளவு தள்ளிக் கூனி காயவைத்து விற்கும் ஓர் அக்கா இருந்தார். கூனி என்றால் பொடி இறால். காய்ந்தால் இளஞ்சிவப்பாக வரும். மண் ஒட்டாமல், தலை உடையாமல் அவர் காயவைப்பதைப் போல அந்தக் கரையில் யாரும் காயவைத்ததில்லை. நான்தான் வலியப் போய், "உங்களுக்கு இணையத்தில ஒரு பக்கம் செய்து தாறன் அக்கா, கொழும்பிலயிருந்து ஆள் வரும்" என்றேன்.

"உன்ட பெட்டிக்குள்ள என்ட கூனி மணக்குமா தம்பி?" என்று சிரித்தார். ஆனாலும் அன்றைக்குக் காய்ந்ததில் நல்லதாகப் பார்த்துப் புதுப் பாயில் பரப்பிவிட்டார்.

இரவல் கமராவில் நிறத்துக்கு இரண்டு தெரிவுகள் இருந்தன. ஒன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான சாதாரணம், மற்றது நிறங்கள் கூடிய அகன்றது. அகன்றது என்றால் உசத்தி என்று நினைத்து அதில் எடுத்தேன். அப்படி எடுக்கும் படத்துக்குள் 'என் நிறத்தை இப்படிக் காட்டு' என்று ஒரு குறிப்பு இருக்கும். சில பிரவுசர்கள் அதை வாசிக்கும், சில கண்டுகொள்ளாது. இணையத்தில் ஏற்றுமுன் படத்தைப் பொது நிறத்துக்கு மாற்று, இரண்டு மூன்று பிரவுசரில் திறந்து பார் என்று வகுப்பில் தலைபாடாகச் சொல்லித் தந்திருந்தார்கள். நான் செய்யவில்லை. என் கணினியில் இருந்த பழைய பிரவுசர் குறிப்பை வாசிக்காத ரகம். அதில் கூனி வெளிறி, பழசு போலத் தெரிந்தது. அதற்காகச் சிவப்பைக் கூட்டினேன், போதாமல் இன்னும் கூட்டினேன். பிறகு அச்சொட்டாக அக்காவின் கூனிதான்.

பத்து நாளில், பக்கத்தில் போட்டிருந்த என் எண்ணுக்குக் கொழும்புக் கடைக்காரர் ஒருவரிடமிருந்து அழைப்பு வந்தது. பருவம் முழுவதும் காய்வதை மொத்தமாக எடுப்பதாகச் சொன்னார். அக்கா வீட்டுக் கூரைக்கு ஓடு போடுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார். மறுநாளே அதே மனிதர் திரும்ப எடுத்தார். படத்தை வடிவாகப் பார்த்தாராம். சாயம் போட்ட கூனி போல இருக்கிறதாம். நேரில் வந்து பார்த்துத்தான் முடிவு சொல்வாராம்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு சந்தியில் இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனேன். அங்கே இருந்தது புதுக் கணினி, குறிப்பை வாசிக்கும் பிரவுசர். பக்கத்தைத் திறந்தேன். பாய் நிறையக் குங்குமத்தைக் கொட்டி வைத்தது போல் இருந்தது கூனி.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுத்தது உண்மை, ஆனால் கைதான் முந்தியது. அங்கேயே படத்தைப் பொது நிறத்துக்கு மாற்றி, கூட்டிய சிவப்பைக் குறைத்து, பழையதை அழித்தேன். பத்து நிமிட வேலை. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் என்ற பெயர் போய்விடுமே என்ற பயம், வேறொன்றுமில்லை.

கடைக்காரர் பழைய படத்தைத் தாளில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். அக்காவின் முற்றத்தில், பக்கத்து வளவுப் பெண்கள் பார்த்துக்கொண்டு நிற்க, வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் கேட்டார். ஒரு பிடி கூனியை அதில் போட்டுக் காத்திருந்தார். சாயம் என்றால் தண்ணீர் சிவக்கும். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

"இது நல்ல சாமான்தான்," என்றார், தாளைத் தட்டிக்கொண்டு. "ஆனா இதில இருக்கிற சிவப்பு எங்க? எனக்குக் காட்டச் சாயம் போடாததை வேற எடுத்து வச்சிருக்கிறீங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீதானே படம் எடுத்த. சொல்லன்."

நான் சொன்னேன்: "நீங்க தந்த கூனியைத்தான் அக்கா எடுத்தன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டு தாளை மடித்து, ஒன்றும் எடுக்காமல் புறப்பட்டார். பக்கத்து வளவுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அக்கா மட்டும், "நான் ஒண்டும் போடயில்ல, அம்மாளாணை" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு நின்றார். ஊரிலே அவர் கூனிக்குச் 'சாயக் கூனி' என்று பெயர் வைக்க ஒரு கிழமைகூட எடுக்கவில்லை. என்மேல் அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நான் வாய் திறந்திருந்தால் என்ன, தலையையா கொய்திருப்பார்கள்? வெட்கம் கெட்டவன் நான்.

ஆறேழு வருடம் கழித்துக் கூனி வாங்கப் போனேன். கூரையில் இன்னும் ஓலைதான். அக்கா தராசை எடுக்கவில்லை. முதலில் வெள்ளைக் கோப்பையில் தண்ணீர் நிரப்பி, ஒரு பிடி கூனியைப் போட்டு என் முன்னால் வைத்தார்.

"எனக்கு எதுக்கு அக்கா இது?"

"ஆர் வந்தாலும் காட்டித்தான் குடுக்கிறன். உனக்குத் தெரியாதா? நீயும் அண்டைக்கு நிண்டதானே."

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. "ஓம் அக்கா, தெரியும்" என்றேன். அவர் நிறுத்துத் தந்த பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.