கொங்காடை போட்ட மாதா

பஸ் திரும்புகிற வளைவுக்கு மேலே ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் ஆளைவிட ஒரு முழம் உயரமாகச் சிமெண்டு மாதா சுரூபம் நிற்கிறது. நேர் கீழே எங்கள் எஸ்டேட் லைன் வீடுகள். போன கார்த்திகையில் அந்தச் சுரூபத்தை நான் போனில் படம் எடுக்கும்படி ஆகிவிட்டது. நானாக எதற்கும் முன்னால் போய் நிற்கிறவள் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது.

மாதா திருவிழா பத்து நாள். ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு கூட்டத்தார் பொறுப்பு. டீச்சர்மார் ஒரு நாள், ஜீப் ஓட்டுகிறவர்கள் ஒரு நாள், கடைவீதிக்காரர்கள் ஒரு நாள். காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கென்று நாள் இருந்ததே இல்லை. இந்த முறைதான் ஏழாம் நாளை எங்களுக்குக் கொடுத்தார்கள். அதற்குத் தனி நோட்டீஸ், அதில் போட ஒரு மாதா படம். புதன்கிழமை மாலை ஆறு மணிக்குள் படம் போகாவிட்டால் சேலத்துப் பிரஸ்காரர் தன்னிடம் இருக்கிற படத்தைப் போட்டுவிடுவார். அது எந்த தேசத்து மாதாவோ, எல்லா ஊர் நோட்டீஸிலும் அதேதான் இருக்கும். எங்களுக்கு எங்கள் பாறை மாதா வேண்டும். பழம் பறிக்கிறபோது நிமிர்ந்தால் கண்ணில் படுகிறவர் அவர்தானே.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர், யாரிடம் நல்ல கேமரா போன் இருக்கிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"இந்த அக்காகிட்ட இருக்குதுங்க ஃபாதர். மக வாங்கிக் குடுத்தது. படம் நொம்ப நல்லா உழுவுதுங்க."

அந்த போனில் நான் அதுவரை எடுத்தது இரண்டு பூனையும் ஒரு சௌசௌ பந்தலும்தான். இல்லை என்று சொல்ல வாய் வருவதற்குள் ஃபாதர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பனிமூட்டம். செவ்வாய்க்கிழமை அதைவிட மோசம். மாதாவை விடுங்கள், பாறையையே காணோம். "மாதா இருக்காங்களா, சேலத்துக்கு எறங்கிட்டாங்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பெண்களுடைய நாள் என் போனுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தது.

புதன்கிழமை பனி விலகியது. வேலை முடிந்து, கைகால் கழுவி, ஐந்து மணிக்குப் பாறை ஏறினேன். மேலே போனதும், தூக்கிய போனை இறக்கிவிட்டேன். திருவிழாவுக்கு முன்னால் வர்ணம் அடிப்பது வழக்கம், அதை நான் மறந்தே போயிருந்தேன். பெயிண்டர் வந்து மாதாவின் முகத்தையும் கையையும் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக்கி வைத்திருந்தார். மேலாடைக்கு மட்டும் நீலம் அடித்து, அது குளிருக்குக் காயாமல் மினுமினுத்தது. கண் இல்லை, புருவம் இல்லை, உதடு இல்லை. அதையெல்லாம் கடைசி நாளில்தான் எழுதுவார். ஆளோ மூன்று மணி பஸ்ஸிலேயே ஊருக்குப் போயாயிற்று.

கண்ணில்லாத மாதாவை எப்படி நோட்டீஸில் போடுவது? அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குள் சேர்வராயன் கோயில் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. பொட்டுப் பொட்டாகத் தூறல்.

கீழேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி மூச்சிரைக்க ஓடிவந்தாள். தலையில் கொங்காடை. உரச் சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் குத்திவிட்டால் தலையிலிருந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கொள்ளும். மழையில் பழம் பறிக்கிற எங்களுக்குக் குடை அதுதான்.

"ஏனுங்கக்கா, குந்திக்கிட்டு இருக்கறீங்க? நீலம் பூராவும் கரைஞ்சு ஓடுதுங்க!"

சொல்லிக்கொண்டே பீடத்தில் காலை வைத்து ஏறி, தன் கொங்காடையைக் கழற்றி மாதாவின் தலையில் கவிழ்த்துவிட்டாள்.

"ஈரப் பெயிண்டுல ஒட்டிக்கப் போவுது புள்ள."

"ஓடறதுக்கு ஒட்டறது தேவலைங்க."

அவள் இறங்கி இந்தப் பக்கம் வரவும், மேற்கே மேகத்துக்கும் மலைக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்கு இடம் விட்டது. அந்த இடுக்கில் சூரியன். மேகத்தின் அடிவயிறு முழுக்க காப்பிப் பழச் சிவப்பு, அதற்கு மேலே ஒரே கறுப்பு. இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வானத்தை நான் பார்த்தது குறைவு. போனைத் தூக்கினேன். மாதாவுக்குப் பின்னால் பள்ளம், அந்தப் பக்கம் போக முடியாது. வெளிச்சத்துக்கு எதிரேதான் எடுத்தாக வேண்டும்.

போன் கண்ணாடியில் விரலை மாதாவின் மேல் வைத்தேன். வெள்ளை முகம் தெரிந்தது, வானம் வெளுத்துக் காணாமல் போயிற்று. விரலை வானத்தின் மேல் வைத்தேன். வானம் சிவந்து எழுந்தது, மாதா மைக்கறுப்பாகிவிட்டார். கண் இல்லாதது தெரியவில்லை. பெயிண்ட் பாதியில் நிற்பதும் தெரியவில்லை. லேசாகச் சாய்ந்த தலையும், நிற்கிற நிலையும் மட்டும். எனக்கு அது போதும் என்று பட்டது. பட்டனை அமுக்கினேன், அமுக்கினேன், ஏழெட்டுப் படம் விழுந்தது.

"மணி ஆறாகப் போவுதுங்கக்கா, அனுப்புங்க, அனுப்புங்க!"

பாறையின் ஓரத்தில்தான் டவர் கிடைக்கும். அங்கே போய் நல்லதாக ஒன்றை ஃபாதருக்கு அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது. கொங்காடையை எடுக்கவே இல்லை! நான் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தேன், அவளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். மழையில் ஒரு பெண் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்பது எங்கள் கண்ணுக்கு வித்தியாசமாகவே தெரியவில்லை.

"அடக் கடவுளே," என்று அவள் ஈரத் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "மாதாவைப் பழம் பறிக்க அனுப்பிட்டமுங்களே!"

அதற்குள் போன் அடித்தது. ஃபாதர்.

"அம்மா, படம் வந்துச்சு. வானம் அற்புதமா இருக்கு. மாதா தலையில கூம்பு மாதிரி அது என்ன?"

அவர் கடற்கரைப் பக்கத்துக்காரர், வந்து நாலு மாசம்தான் ஆகிறது.

"கொங்காடைங்க ஃபாதர்," என்றேன். "உரச் சாக்குங்க. பெயிண்டு ஈரமா இருந்துதுங்க, மழை வந்துருச்சுங்க."

இன்னொரு போனில் பிரஸ்காரரிடம் அவர் பேசுவது கேட்டது. பிறகு சொன்னார், "பிரஸ்காரர் கம்ப்யூட்டர்ல அதை அழிச்சிடலாம்கிறார். இல்லேன்னா அவர்கிட்ட இருக்கிற படம். உங்க நாள், நீங்களே சொல்லுங்க. ரெண்டு நிமிஷம்தான் இருக்கு."

என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரி, "அழிக்கச் சொல்லீருங்க, சிரிப்பாங்க," என்று சைகை காட்டினாள். நான் மாதாவைப் பார்த்தேன். சாக்கின் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அழிக்க வேண்டாங்க ஃபாதர்," என்றேன். என் குரல் பாறை முழுக்கக் கேட்டது. "நனைஞ்சுருவாங்க. மழை இன்னும் உடலீங்க."

அந்தப் பக்கம் ஃபாதர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. "சரிம்மா, அப்படியே போடச் சொல்றேன்," என்றது மட்டும் நடுவில் கேட்டது.

மறுநாள் பெயிண்டர் தோளில் ஒட்டியிருந்த சாக்கு நாரை உரித்துக்கொண்டே எங்கள் லைன் முழுவதையும் திட்டினார். சனிக்கிழமை நோட்டீஸ் வந்தது. பழம் எடை போடுகிற இடத்தில் பெண்கள் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள்.

"மூஞ்சியே தெரியலியே," என்றாள் ஒருத்தி.

"மூஞ்சி என்னத்துக்கு? நிக்கறதைப் பார்த்தாத் தெரியலியா, நம்ம மாதாதான்."

"இடுப்புல பழப் பையைத்தான் காணோம். கட்டி உட்டுருந்தா நாளைக்கே நம்ம வரிசைக்கு வந்துருப்பாங்க."

"வந்தா ஏணி வேண்டியதில்ல. அந்த ஒசரத்துக்கு மேக்கிளையெல்லாம் அவங்களே பறிச்சுருவாங்க," என்றேன் நான்.

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பிறகு எடை போடுகிற ரைட்டர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.