கம்பங்கொல்லையில் சிட்டாகுலா கிராமெரி

நான் பஸ் ஏறிப் பாண்டிச்சேரிக்குப் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த வருஷம், பாகூர் பக்கம் எங்கள் கொல்லையில் கம்பு போட்டிருந்தோம். அப்பா மில்லுக்குப் போய்விடுவார். காவல் அம்மாவுடையது. அந்தக் கம்புதான் வருஷம் முழுக்க எங்களுக்குக் கூழ். இது அம்மாவுக்குத் தெரியும். கிளிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவு அவசரமாகத் தின்றன.

அம்மா பரண்மேல் நின்று கவண் சுற்றினால் ஒரு காக்கை தங்காது. அது சனீஸ்வரனின் வாகனம் என்பதெல்லாம் கொல்லைக்கு வெளியேதான். மைனாவுக்குச் சிபாரிசு செய்ய எந்தச் சாமியும் இல்லை. கிளி மட்டும் அம்மன் கையில் உட்கார்ந்திருப்பது. அதன்மேல் கல் எறிய எங்கள் பக்கத்தில் யாருக்கும் கை வராது. தகரத்தைத் தட்டலாம். கிளிகள் அதைக் கச்சேரியாக எடுத்துக்கொண்டு கதிரைக் கொத்தின.

எனக்கு ஆத்திரமாக வந்தது. பரணுக்குக் கீழே உட்கார்ந்து, பரீட்சைக்கு வேண்டியதைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தேன். பொதுப்பெயர் ரோஸ்-ரிங்ட் பாரகீட். அறிவியல் பெயர் சிட்டாகுலா கிராமெரி.

“இன்னாடி அது?” என்றாள் அம்மா மேலேயிருந்து.

“தோ, உக்காந்து துன்னுதே, அதாம்மா. உலகம் பூரா இதுக்கு அதான் பேரு.”

அம்மா தகரம் தட்டுவதை நிறுத்தினாள். “அந்தப் பேர்ல எந்தச் சாமி கையிலயாவது உக்காந்துகினு இருக்குதா?”

“இல்லம்மா.”

“புஸ்தகத்த நல்லா பாத்துச் சொல்லு.”

பார்த்துச் சொன்னேன். அலகு, வால், கழுத்து வளையம் எல்லாம் போட்டிருந்தது. சாமியைப் பற்றி ஒரு வரி இல்லை.

மறுநாளிலிருந்து கல் பறந்தது. “போடா கிராமெரி!” பேரின் முன்பாதி அவள் வாயில் நுழையவில்லை, விட்டுவிட்டாள். பக்கத்துக் கொல்லைக்காரியும் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு எறிய ஆரம்பித்தாள். கல் எதன்மேலும் படவில்லை, ஆனால் கம்பு தப்பித்தது. என் படிப்பு குடும்பத்துக்கு உதவுகிறது என்று அப்பாவே சொன்னார்.

கதிர் முற்றி அறுப்புக்கு ஆள் சொல்லியிருந்த சமயத்தில், ஒரு கல் பட்டுவிட்டது.

அம்மா இறங்கிப் போய்க் கம்பந்தட்டைகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்தாள். கழுத்தில் ரோஜா நிற வளையம் இருந்தது. அலகில் கம்பு மணி ஒட்டியிருந்தது. உடம்பில் சூடு போகவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

“கிராமெரிதானேம்மா,” என்றேன்.

“கிளிடி,” என்றாள். “கிளிய அடிச்சிட்டேன்டி.”

அங்கேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கலைந்து போன கூட்டம் திரும்பி வந்து கதிர்களில் இறங்கியது. நான் கவணை எடுக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“துன்னட்டும், வுடு.”