அக்காவும் ‘பப்ளி’யும்

அந்தப் பல் மருத்துவமனையில் அவருக்குப் பெயர் அக்கா. தலை நரைத்த தாத்தாவுக்கும் அக்கா, பால்பல் ஆடும் வாண்டுக்கும் அக்கா. வாசல் மேசையில் உட்கார்ந்து, வந்தவர்களை முறைப்படி உள்ளே அனுப்புவதுதான் வேலை. ஆனால் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நுழையும்போதே, “கன்னத்தை விடுங்க, எங்கேயும் ஓடிப்போகாது” என்பார். வந்தவர் வலியோடு சிரிப்பார். உள்ளே இயந்திரம் கிர்ரென்று சுற்றுவது வெளியே யார் காதிலும் ஏறாமல் பார்த்துக்கொண்டது அக்காவின் வாய்தான்.

உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. ‘கொஞ்சம்’ என்பது அக்காவின் கணக்கு. பள்ளியில் பூசணி என்றார்கள். கல்யாணமாகிப் போனபோது மாமியார் வீட்டார் கதவு நிலையை ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்த்தார்கள். இதையெல்லாம் மற்றவர் சொல்லும் முன் அவரே சொல்லிச் சிரித்துவிடுவார். முந்திக்கொண்டால் அவ்வளவாக வலிப்பதில்லை.

டாக்டரம்மா புதிதாக வந்தவர், ஆங்கிலத்திலேயே படித்து வளர்ந்தவர். தமிழில் தொடங்கும் பேச்சு பாதி வழியில் ஆங்கிலத்துக்கு இறங்கிவிடும். ஒரு நாள் தம்மைப் பார்க்க வந்த தோழியிடம், அக்காவைக் கண்ணால் காட்டி ஏதோ சொன்னார். அக்காவுக்குப் பிடிபட்டது ஒரே சொல்: பப்ளி. தோழி திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்.

அந்தச் சொல் அக்காவுக்குத் தெரியும். தொலைக்காட்சியில் ஒரு நடிகை ஒரு சுற்றுப் பெருத்துவிட்டால் அப்படித்தான் சொல்வார்கள். குண்டு என்பதற்கு ரிப்பன் கட்டிய சொல்.

வீட்டில் சொன்னபோது, “சரியாத்தானே சொல்லியிருக்காங்க” என்றார் லாரி ஓட்டும் கணவர். மனைவியின் முகத்தைப் பார்த்தபிறகு தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

மறுநாளிலிருந்து அக்கா பெயர்களை மட்டும் கூப்பிட்டார். வேறொருவர் முந்திக்கொண்டுவிட்ட பிறகு சிரிக்க என்ன இருக்கிறது? காத்திருக்கும் அறை கப்சிப்பென்று ஆனது. கிர் சத்தம் வாசல்வரை வந்தது. ஒரு குழந்தை அலறிக்கொண்டு தெருவுக்கே ஓடியது. பெரியவர்கள் சிலர் நாளைக்கு வருவதாகச் சொல்லி நழுவினார்கள்.

அந்த வாரக் கடைசியில் அக்கா உள்ளே போய் நின்றார்.

“மாசக் கடைசியோட நின்னுக்கலாம்னு பார்க்கிறேன் டாக்டரம்மா. வாசல்ல உட்கார ஒல்லியா ஒருத்தரை வெச்சுக்கங்க.”

டாக்டரம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கேட்டுக் கேட்டு, கடைசியில் அந்தச் சொல்லில் வந்து முட்டினார். அதற்குத் தமிழ் தேடினார், அகப்படவில்லை. எழுந்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து, பல்செட் கழுவும் மாத்திரை ஒன்றைப் போட்டார். அடியிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி, ஒன்றையொன்று முந்தி மேலே வந்து வெடித்தன.

“இதை யாரும் கலக்கல அக்கா. அதுவா மேல வருது, பாருங்க. அதுக்குப் பேருதான் பப்ளி. நீங்க பேசுறது இப்படித்தான் இருக்கும்.”

“பல்செட் கழுவுற தண்ணி மாதிரியா?”

டாக்டரம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து அக்காவுக்கே பாவமாகிவிட்டது. “கலகலன்னு இருக்கேன்னு சொல்ல வர்றீங்க.”

“அதேதான். அந்த வார்த்தைதான் வரல.”

“அப்போ குண்டுன்னு சொல்லல.”

“நான் பல்லை மட்டும்தான் பார்ப்பேன் அக்கா.”

வேலையை விடும் பேச்சு அதோடு போயிற்று. ஆனால் சிரிப்பு உடனே திரும்பவில்லை. தாம் கலகலப்பானவர் என்று தெரிந்துவிட்டதும் அக்காவுக்கு வெட்கம் பிடித்துக்கொண்டது. வாயைத் திறக்குமுன், இது அதுவாக வருகிறதா, நாமாகக் கலக்குகிறோமா என்று யோசித்தார். யோசித்துச் சொன்ன நகைச்சுவைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள், ஊசி போட்டு வாய் மரத்துப்போன ஒருவர் வெளியே வந்து மேசையருகே நின்றார்.

“அழுத்து எப்ப வழணும்?”

“முதல்ல இந்த வழவழா பேச்சு போகட்டும், அப்புறம் வாங்க.”

சொன்ன பிறகுதான் சொன்னது அக்காவுக்கே தெரிந்தது. பெஞ்சு முழுவதும் குலுங்கியது. மரத்த வாய்க்காரர் பாதி உதட்டால் சிரித்தார். அக்கா அடுத்தவரின் பெயரைக் கூப்பிட வாய் திறந்தார்; சிரிப்பில் பெயர் வெளியே வரவில்லை.