பொட்டலமாய்ப் போன சரித்திர நோட்டு

காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருந்த வெள்ளத்துரை பொட்டலம் கட்டும்போது பொட்டலத்தைப் பார்க்க மாட்டார். கை போய் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வரும், தாள் சுருண்டு கூம்பாகும், கடுகோ மிளகோ உள்ளே விழும், வாய் மடங்கும், நூல் இரண்டு சுற்றுச் சுற்றி அறுபடும். இதற்குள் அவர் கண் அடுத்து நிற்பவரின் முகத்திலும், வாய் அதற்கும் அடுத்தவரின் குடும்ப நலத்திலும் இருக்கும். பதின்மூன்று வருஷத்தில் அவர் கட்டிய பொட்டலம் ஒன்றுகூட வழியில் அவிழ்ந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனிதனுக்கு ஏதாவது ஒன்றில் கர்வம் வேண்டியிருக்கிறது. அவருக்கு வேறு எதிலும் வாய்க்கவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷத்தில், எதிர்த்திசையில் ரயிலேறி வந்த மனிதர் அவர். சாத்தான்குளத்துப் பக்கம். பெண்சாதி தங்கபுஷ்பம் இடுப்பில் நாலு வயசுப் பெண்ணோடு இறங்கி, "எல்லாரும் போறாவ, நாம மட்டும் வாரோம்" என்று சொன்னாள். "ஆளு போனாத்தான் கடை காலியாகும்" என்றார் வெள்ளத்துரை. கடை கிடைத்தது. குண்டு விழவில்லை. ஓடினவர்கள் திரும்பி வந்து அவரிடமே புளி வாங்கினார்கள்.

அந்த நாலு வயசுப் பெண் ரோஸ்மேரி இப்போது ஆறாவது பாரம். பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷம். மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. ராயபுரத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எட்டரை மணி பஸ்ஸில் போய், சாயங்காலம் ஐந்து மணிக்குத் திரும்புவாள். காலையில் கடைக்குள் உளுந்து மூட்டைமேல் உட்கார்ந்து, சத்தம் போட்டுப் படிப்பாள். வீட்டுக்குள் அம்மிச் சத்தம், இங்கே தராசுச் சத்தம். அவளுக்குத் தராசுச் சத்தம் தேவலையாம். மனசுக்குள் படி என்று வெள்ளத்துரை ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவர் அவர். பாபர் எந்த வருஷம் வந்தான், அவன் மகன் எந்தப் படிக்கட்டில் உருண்டு விழுந்து செத்தான் என்பதெல்லாம் அந்த வருஷம் மிளகாய் வாங்க வந்தவர்களுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அவளை நினைத்து அவர் பெருமைப்பட்டார். பயமும் பட்டார். முந்தின வருஷம்வரை அவள் என்ன சாப்பிட்டாள், எதற்கு அழுதாள், எந்தப் பல் ஆடுகிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்த வருஷம் அவள் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதே தெரியவில்லை. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, தக்காணம்" என்பாள். மார்ச்சுக்கு அப்புறம் இந்த உளுந்து மூட்டைமேல் யார் உட்காருவார்கள் என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தார். உளுந்து வாங்க வந்தவருக்குப் பயறு போட்டுக் கொடுத்துவிட்டார்.

போன கிறிஸ்துமஸுக்குத் தங்கபுஷ்பத்தின் அண்ணன் ஊரிலிருந்து வந்தபோது ஒரு பேச்சு முடிவாகியிருந்தது. ரோஸ்மேரி பாஸானால் பாளையங்கோட்டைக்குப் போய், விடுதியில் தங்கி, இரண்டு வருஷம் டீச்சர் டிரெயினிங் படிப்பது. அப்புறம் எந்த ஊரில் வேலை கிடைக்கிறதோ அந்த ஊர். தவறிவிட்டால் மே மாசம் அண்ணன் மகன் தேவப்பிரியத்தோடு கல்யாணம். தேவப்பிரியம் இங்கேயே வந்து, மாமனாரோடு கடையைப் பார்த்துக்கொள்வான். நல்ல பையன். பனைவெல்லம் தரம் பார்க்கத் தெரியும். ஆண்டவர் எதைக் காட்டுகிறாரோ அதுதான் என்று வெள்ளத்துரை பொதுவாகச் சொல்லி வைத்தார். பாஸானால் பெண் போய்விடுவாள், ஃபெயிலானால் பெண் வீட்டோடு இருப்பாள் என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிப்ரவரி எட்டாம் தேதி. தீப்பெட்டி ஆலையில் சம்பளம் போட்ட மறுநாள். கடை திறந்ததிலிருந்து கூட்டம். ரோஸ்மேரி பஸ் வரும் சத்தம் கேட்டு, படித்துக்கொண்டிருந்த நோட்டைக் கைக்கெட்டிய இடத்தில் போட்டுவிட்டு ஓடினாள். கைக்கெட்டிய இடம் என்பது பழைய காகிதக் குவியல். பழைய காகித வியாபாரி கமால் வாரத்துக்கொரு முறை கொண்டுவந்து போடும் கட்டு அது. அதில் பாதி எவன் எவனோ எழுதித் தள்ளிய பள்ளிக்கூட நோட்டுதான். வெள்ளத்துரையின் கை குவியலுக்குப் போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது.

பத்து மணிக்குக் கூட்டம் வடிந்தபோது சுப்புராயன் திரும்பி வந்தான். ஆலையில் இரண்டாம் ஷிப்டுக்காரன். பொட்டலம் கட்டின காகிதத்தை வீடு போய்ச் சேருவதற்குள் படித்து முடித்துவிடுகிற வழக்கம் அவனுக்கு. நாலு வருஷத்தில் அவன் சேர்த்த அறிவு முழுவதும் அரைத்தாள் அளவிலானது.

"இன்னா நாடாரே, பானிப்பட்டுல மூணாவது சண்ட பாதில நிக்குது. பாக்கி எந்தப் பொட்டலத்துல கீது?"

"எந்தச் சண்டை?" என்றார் வெள்ளத்துரை.

சுப்புராயன் தாளை நீட்டினான். துவரம்பருப்புத் தூசி படிந்திருந்தது. எழுத்து சின்னதாக, நிமிர்ந்து, ஒவ்வொரு வருஷத்துக்கும் அடியில் சிவப்பு மைக் கோடோடு இருந்தது. மூன்று வருஷப் பாடத்தையும் ரோஸ்மேரி ஒரே நோட்டில் எடுத்தெழுதி வைத்திருந்தாள். தாத்தா பாட்டி இல்லாத அந்த வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி மரியாதை அந்த நோட்டுக்குத்தான்.

வெள்ளத்துரை குவியலைப் பார்த்தார். நோட்டில் கடைசிப் பத்துத் தாள் இருந்தது. தராசுக்குப் பக்கத்தில், வெல்லத்துக்கு அடியில் வைக்க வாகாய், அட்டையைத் தனியாகப் பிரித்து எடுத்து வைத்திருந்தது அவர் கை. அட்டையில் 'ஜே. வி. ரோஸ்மேரி, ஆறாவது பாரம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

தங்கபுஷ்பம் உள்ளேயிருந்து வந்தாள். நோட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அட்டையில பேரு இருக்கே" என்றாள்.

"கைதான் எடுத்திச்சு. நா பாக்கல."

"பதிமூணு வருசமா பிசகாத கை, இன்னைக்குத்தான் பிசகிச்சாக்கும். எங்க அண்ணன் மவன் வரணும்னு எம் பிள்ள நோட்டக் கிழிச்சியளா?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. உப்பு என்ன விலை என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள். வெள்ளத்துரை பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் வராதது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கோயிலையும், வேட்டி தடுக்கி விழுந்து கால் பிசகின இரண்டு நாளையும் தவிர வேறெதற்கும் மூடாத கடையை மூடினார். ஒரு கட்டுப் பழைய காகிதத்தையும் நூல் உருண்டையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்.

யார் என்ன வாங்கினார்கள் என்பது அவருக்கு மறக்காது. தோட்டக்காரர் வீட்டுக்குக் கொத்தமல்லி, இரண்டு பொட்டலம். போஸ்ட்மேன் வீட்டுக்குச் சீரகம், வெந்தயம். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "கட்டிக் கொடுத்த காகிதம் வேணும்" என்றார். கடைக்காரர் சாமானைத் திருப்பிக் கேட்கிறார் என்று நினைத்துச் சிலர் கதவைப் பாதி மூடினார்கள். அவர் பொட்டலத்தை அவிழ்த்து, வேறு தாளில் மறுபடி கட்டிக் கொடுத்துவிட்டு, பழைய தாளை நீவி மடித்து வைத்துக்கொண்டார். போஸ்ட்மேன் வீட்டம்மா வெந்தயத் தாளை எடுத்துக் கொடுக்கும்போது, "இதுக்கு வாசம் போகாது" என்று எச்சரித்தாள். மத்தியானம் ஒரு மணிக்கு இருபத்திரண்டு தாள் சேர்ந்திருந்தது. சாப்பிடவில்லை.

அப்புறம் கடலோரம். குப்பத்துப் பெண்கள் மீன் விற்று வருகிற வழியில் அவர் கடையில்தான் வாங்குவார்கள். கோவிந்தம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளத்துரை விஷயத்தைச் சொன்னார். அவள் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து, உள்ளே இருந்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு, தாளைக் கொடுத்தாள். அதில் அக்பரின் நில வரி இருந்தது. கொஞ்சம் சுண்ணாம்பும் இருந்தது.

"பொண்ணு பெயிலாயிட்டா இன்னா பண்ணுவே நாடாரே?"

"கல்யாணம். மாப்பிள்ளை வீட்டோட வந்திருவான்."

"பாசாயிட்டா?"

"பாளையங்கோட்டை. அப்புறம் எங்கயோ."

கோவிந்தம்மா வெற்றிலையை மென்றாள். "அப்ப பெயிலானாத்தானே ஒனக்கு நல்லது. பொண்ணும் வூட்ல கீது, கடைக்கு ஆளும் கீது. இன்னாத்துக்கு வெயில்ல சுத்திக்கினு கீறே?"

"எல்லாத் தாளும் வேணும்" என்று மட்டும் சொன்னார்.

கோவிந்தம்மா எழுந்து நின்று குப்பம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்தாள். பெண்கள் தாளும் கையுமாக வந்தார்கள். வெள்ளத்துரை கட்டாத தாள்களும் வந்தன: யாரோ ஒருவரின் வக்கீல் நோட்டீஸ், ஒரு பையனின் கணக்குப் பாடம், மருந்துக்கடைச் சீட்டு. எதையும் அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் வாங்கி ஓரமாக உட்கார்ந்து பிரித்தார். நாலு தாள் அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டதாம். ஒன்றைக் குழந்தைக்குத் துடைத்தார்களாம். அதை எடுத்து வரட்டுமா என்று கேட்டாள் ஒருத்தி. வேண்டாமென்றார்.

மூன்றரை மணிக்குக் கடைக்குள் உட்கார்ந்து தாள்களை அடுக்கினார். பக்க எண் எதிலும் இல்லை. ஆனாலும் அவருக்குத் தடுமாற்றம் வரவில்லை. எதற்குப் பின்னால் எது என்று வருஷம் முழுக்கக் காதில் விழுந்திருந்தது. லோடிக்குப் பின்னால் பாபர், பாபருக்குப் பின்னால் படிக்கட்டில் விழுந்தவன். அடுக்கிக்கொண்டே போனவருக்கு, இந்தக் குரலை இன்னும் ஒரு மாசம்தான் கேட்கப் போகிறோம் என்று தோன்றியது. மிளகாய் மூட்டை பக்கத்தில் இருந்ததால், கண் கலங்கியதற்கு அவர் யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்கவும் யாருமில்லை. எண்ணிப் பார்த்தார். ஏழு தாள் குறைந்தது.

ரோஸ்மேரி ஐந்து மணிக்கு வந்தாள். மூடின கடையையும், அம்மாவின் முகத்தையும், பலகைமேல் இருந்த தாள்களையும் பார்த்தாள். தங்கபுஷ்பம் நடந்ததைச் சொன்னாள். தான் கேட்ட கேள்வியையும் சேர்த்தே சொன்னாள். ரோஸ்மேரி தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெந்தயம், மல்லி, மஞ்சள், கருவாடு என்று வாசம் மாறிக்கொண்டே வந்தது. வரிசை மாறவில்லை.

"ஏழு தாள் இல்ல" என்றார் வெள்ளத்துரை.

"அது கூடப் படிக்கிற பிள்ளட்ட வாங்கி எழுதிக்கிடலாம். முழுசும்கூட வாங்கியிருக்கலாம்ப்பா. எல்லார்ட்டயும் இருக்கு."

எல்லோரிடமும் இருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. காலையில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் மத்தியானச் சோறாவது மிஞ்சியிருக்கும்.

ரோஸ்மேரி தாளை வைத்தாள். "தெரிஞ்சா கிழிச்சிய?"

"தெரியல தாயி."

பொய் சொல்லத் தெரியாததால் அப்படிச் சொல்லவில்லை. வியாபாரி, தெரியும். நாள் முழுக்க வெயிலில் யோசித்தும் அதுதான் பதிலாக நின்றது.

"நா ஃபெயிலானா உங்களுக்குச் சந்தோசமாப்பா?"

"பாதிச் சந்தோசம்."

"மிச்சப் பாதி?"

"அதுதான் இன்னைக்கு வீடு வீடா அலைஞ்சிட்டு வந்திருக்கு."

தங்கபுஷ்பம் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் சோற்றுப் பானை திறக்கும் சத்தம் கேட்டது. வெள்ளத்துரை பெட்டியிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து ரோஸ்மேரியிடம் கொடுத்தார்.

"மாமாவுக்கு ஒரு கார்டு எழுது. தேவப்பிரியத்துக்கு வேற இடம் பாக்கட்டும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்கவில்லை. அவள் எழுதினாள்.

"ரோஸ்மேரி மார்ச்சில் பாஸானால் பாளையங்கோட்டை போவாள். தவறினால் செப்டம்பரில் மறுபடி எழுதுவாள்" என்று அவர் அடுத்த வரியைச் சொன்னார்.

எழுதினாள்.

"அதிலும் தவறினால் அடுத்த மார்ச்சில் எழுதுவாள்."

எழுதினாள்.

"அதிலும் தவறினால்..."

"கார்டுல இடமில்லப்பா."

"கையெழுத்துப் போடவாவது இடமிருக்கா?"

ரோஸ்மேரி கார்டைத் திருப்பி ஓரத்தைக் காட்டினாள். வெள்ளத்துரை பேனாவை வாங்கி, கார்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார்.