நடுவில் ஒரு கிண்ணம்

2007 மார்ச் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை பத்து மணிக்குப் புஜைராவில் துபாய் போகும் ஷேர் டாக்ஸியில் ஏறினேன். ஆளுக்கு இருபத்தைந்து திர்ஹம், ஏறத்தாழ நூற்றுமுப்பது கிலோமீட்டர். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எங்கே கிளம்பினாலும் தண்ணீர், பிஸ்கட், வயிற்றுவலி மாத்திரை, ரூம் சாவி என்று வரிசையாகச் சரிபார்ப்பேன். அன்று மாத்திரையை மட்டும் மூன்று தடவை தொட்டுப் பார்த்தேன்.

போகிற காரியம் அப்படி. அண்ணன் முரளி ராஸ் அல் கைமாவில் ஒரு பீங்கான் ஃபாக்டரியில் எலெக்ட்ரிகல் சூப்பர்வைசர். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் மாலி, லாவோஸ் நாட்டுப் பெண். துபாய் தேராவில் அவளுடைய சித்தி நடத்தும் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறாள். திருச்சியில் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "நீ போய் அவங்க கையால சாப்ட்டுட்டு வா. நீ சொல்றத வச்சுத்தான் நான் அப்பாகிட்ட பேசணும்" என்று முந்தின நாள் போனில் சொல்லியிருந்தாள்.

மசாஃபி வரை மொட்டை மலைகள். அங்கே சாலையோரச் சந்தையில் பெஷாவர்க்கார டிரைவர் தர்ப்பூசணி வாங்க நிறுத்தினார். ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர், நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கவனித்து, துபாய் எங்கேயும் ஓடிவிடாது மகளே என்று ஹிந்தியில் சொன்னார். தைத் என்ற ஊரைத் தாண்டியதும் மணல்.

தேராவில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான்.

"சிரிச்ச முகமா இரு. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தவ மாதிரி முழிக்காத."

"இன்ஸ்பெக்ஷனுக்குத்தானே அனுப்பியிருக்காங்க?"

அவன் சிரிக்கவில்லை.

ஜும்மா தொழுகை முடிந்து கடை திறந்தது. ஆறு மேசைகள். பலகையில் தாய்லாந்து உணவு என்றுதான் இருந்தது. லாவோஸ் என்று போட்டால் யாருக்கும் தெரியாதாம். உள்ளே நுழைந்ததும் புளித்த மீனின் நெடி அடித்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டோம். எங்கள் எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைக்கும் நாளும் வெள்ளிதான். அண்ணன் இதையெல்லாம் இவர்களிடம் சொன்னானா? கேட்க இடம் கிடைக்கவில்லை. மாலி கைகூப்பி, "வாங்க" என்றாள். நான் வணக்கம் மட்டும் சொன்னேன்.

மூங்கில் கூடையில் சோறு வந்தது. ஒன்றோடொன்று ஒட்டிய, ஆவி பறக்கும் சோறு. நடுவில் ஒரே கிண்ணத்தில் சுட்ட கத்தரிக்காய்த் துவையல். தட்டு கிடையாது. சித்தி சோற்றைக் கிள்ளி, உருட்டி, துவையலில் தொட்டு வாயில் போட்டார். அதே விரலோடு மறுபடி கிண்ணத்துக்கு வந்தார். பிறகு அண்ணன். வீட்டில் அவன் டம்ளரில் நான் வாய் வைத்துவிட்டால் "எச்சி" என்று கழுவப் போகிறவன். என் கை மடியிலேயே இருந்தது. அம்மா முதலில் கேட்கப்போவதே இதைத்தான்.

என் கையைப் பார்த்த மாலி எழுந்து உள்ளே போனாள். எதையோ இடிக்கும் சத்தம் கேட்டது. கோபமோ என்று பயமாக இருந்தது.

"ஏண்ணா, முன்னாடியே சொல்லலையா நீ?"

"எத?" என்றான், நிமிராமல்.

மாலி மண் உரலோடு வந்தாள். அதில் துருவிய பப்பாளிக்காய், எலுமிச்சை, மிளகாய். உரலில் விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது. பழைய உரலில் மீன் ஊறிப்போயிருக்கிறது, எவ்வளவு கழுவினாலும் போகாது, இன்று வெள்ளிக்கிழமை, அதனால் புதிது வாங்கினேன் என்று நிதானமான ஆங்கிலத்தில் விளக்கினாள். பிறகு, அன்று மீன் சேர்க்காமல் செய்த துவையலில் யாரும் தொடுமுன் எடுத்துவைத்ததை ஒரு சின்னக் கிண்ணத்தில் என் முன்னால் வைத்தாள். உங்கள் வீட்டு வழக்கத்தை முரளி சொல்லியிருக்கிறார் என்றாள்.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"எனக்குப் பழகிடுச்சு. நீயும் பழகணும்னு இல்ல" என்றான்.

மூன்று கைகளும் நடுக்கிண்ணத்தில் இருந்தன. எனக்கு வைத்த கிண்ணம் ஓரமாக, சுத்தமாக இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, சோற்றைக் கிள்ளி நடுவில் தொட்டேன். விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது. சித்தி என் மணிக்கட்டைப் பிடித்து, கொஞ்சமாகக் கிள்ள வேண்டும் என்று காட்டினார். புகை வாசனை, பூண்டு, பச்சைமிளகாய்; புளி இல்லாத நம் வீட்டுத் துவையல். பப்பாளிக்காய் கண்ணில் தண்ணீர் வரவைத்தது. சித்தி "மிர்ச்சி, மிர்ச்சி" என்று சிரித்தார். மாத்திரை பையிலேயே இருந்தது.

மாலை ஏழு மணிக்குப் புஜைரா வந்து, போன் கார்டைச் சுரண்டி அம்மாவைக் கூப்பிட்டேன்.

"தனித்தனியா வச்சாங்களா?"

"எனக்கு மட்டும் தனிக் கிண்ணம் வச்சாங்கம்மா. நான்தான் தள்ளி வச்சுட்டேன்."



"கத்திரிக்காய வதக்கினாங்களா, சுட்டாங்களா?"

"சுட்டாங்கம்மா, நம்ம வீட்டு மாதிரியே."

"சரி, வை. அப்பா வர்ற நேரம். நான் பேசணும்."